இரண்டு கை, ஒரே கார்டு

அவள் லிஃப்ட் மெக்கானிக். கூட வேலை செய்பவர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'மேல்மாடி'. கிண்டலாகத்தான் ஆரம்பித்தார்கள். பிறகு எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் அடம்பிடித்தாலும் "மேல்மாடியைக் கூப்பிடு" என்பது வழக்கமாகிவிட்டது.

கல்யாணம் கொஞ்சம் தாமதமாகத்தான் நடந்தது. அவள் பழுது பார்க்கப் போன கட்டடமொன்றின் தரைத்தளத்தில், பிறகு அவள் கணவரானவரின் முடிதிருத்தகம் இருந்தது. கிரீஸ் கையோடு தண்ணீர் கேட்கப் போனவளுக்கு, அவர் தண்ணீரோடு வெதுவெதுப்பான துண்டும் கொடுத்தார். அங்கேயே மனசு விழுந்துவிட்டது என்று பின்னாளில் சொன்னாள்.

இருவருமே தாராளக் கை. அதுதான் தொல்லை. யார் எதை வாங்கினார்கள் என்று இன்னொருவருக்குத் தெரியாது. ஒரே நாளில் வீட்டுக்கு இரண்டு எண்ணெய் டின்கள் வந்து சேரும். சேர்ந்து கடைக்குப் போனாலோ, பில் போடும் இடத்தில் "நான் குடுக்கறேன்", "நீ சும்மா இரு" என்று இழுபறி. வரிசையில் நிற்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள். ஒருநாள் கல்லாவில் இருந்த பெண்ணே கேட்டுவிட்டாள்: "ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே கிரெடிட் கார்டா வாங்கிக்கலாமே அக்கா? வாங்கற சாமானுக்குக் கொஞ்சம் பணமும் திரும்பக் கிடைக்கும்."

அன்று முதல் வீட்டில் அதே பேச்சு. தன் முடிதிருத்தகத்தில் நாற்காலியில் உட்காரும் ஒவ்வொருவரிடமும் அவர் யோசனை கேட்டார். தினமும் ஒரு புதுக் கார்டின் புகழோடு வீடு திரும்பினார்.

"இன்னைக்கு எந்தத் தலை சொல்லிச்சு?" என்று கேட்டாள்.

"சுருட்டை முடிக்காரர். செலவு பண்ணப் பண்ண விமான டிக்கெட்டுக்குப் பாயின்ட் சேருமாம். ஏர்போர்ட்ல சொகுசு அறையில இலவசமா உக்காரலாமாம்."

"நாம ஏர்போர்ட் போனதே உங்க தங்கச்சிய வழியனுப்பத்தான். அவ ஏறிப் போனதும் நாம பஸ் பிடிச்சு வந்துட்டோம்."

மாமியார் படித்துக்கொண்டிருந்த பத்திரிகையைத் தாழ்த்தினார். "கடன் அட்டைன்னு பேர்லயே கடன் இருக்கு. அதைப் போய் யாராவது தேடி வாங்குவாங்களா?"

"மாசாமாசம் மொத்தத்தையும் கட்டிடுவோம் அத்தை. பாக்கி வெச்சாதான் வட்டி. அப்படி வெச்சா, திரும்ப வர்றதைவிட வட்டி பல மடங்கு போயிடும்."

கணவருக்கு அந்தச் சொகுசு அறையை விட மனமில்லை. அவள் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். "லிஃப்டுக்குள்ள கண்ணாடி, விளக்கு, பாட்டு எல்லாம் போட்டிருப்பாங்க. நான் முதல்ல கயித்தைத்தான் பார்ப்பேன். நம்ம பணம் எங்க போகுது? மளிகை, மருந்து, என் வண்டிக்குப் பெட்ரோல். அதுக்கு எது திருப்பித் தருதோ அது போதும்."

அப்படிப் பார்த்ததும் பல கார்டுகள் தாமாகவே கழன்றுகொண்டன. ஒன்றில் ஆண்டுக் கட்டணமே வரவை விழுங்கியது. இன்னொன்றில் மளிகைக்குச் சல்லிக்காசு கிடையாது. கடைசியில் கட்டணமில்லாத, மளிகைக்கும் மருந்துக்கும் பணம் திருப்பித் தரும் எளிய கார்டொன்று தேறியது.

அதை வாங்க இருவரும் வங்கிக்குப் போனார்கள். வாசலில் அவர் நின்று மெதுவாகச் சொன்னார்: "முன்னாடி ஒரு தடவ கேட்டேன். சம்பளச் சீட்டு இல்லேன்னு முடியாதுன்னுட்டாங்க. உன் பேர்லயே வாங்கிக்க."

அவள் அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். எதிரே இருந்த அதிகாரியிடம், "கணக்கு என் பேர்ல இருக்கட்டும். இவருக்கும் ஒரு கார்டு வேணும். அதுல இவர் பேர்தான் இருக்கணும்" என்றாள்.

"துணைக் கார்டு தரலாம். ஒரே பில்தான் வரும், திரும்ப வர்ற பணமும் ஒண்ணாவே சேரும்" என்றார் அதிகாரி.

கார்டு வந்த அன்று, தன் பெயர் எழுத்துகளை அவர் விரலால் தடவித் தடவிப் பார்த்தார். மறுநாள் முடி வெட்ட வந்தவர்களெல்லாம் அதைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்கள்.

எண்ணெய் இப்போது ஒரு டின்தான் வருகிறது. அவர் எங்கே கார்டைத் தேய்த்தாலும் அவள் போனுக்குச் செய்தி வந்துவிடும். காய்கறிக் கடை என்றால் சமையல் அவருடையது. பேக்கரி என்றால் அன்று அவருக்கு நல்ல வியாபாரம்.

ஒரு மதியம் லிஃப்ட் கூண்டின் மேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தபோது விளையாட்டு உபகரணக் கடையில் அவர் கார்டைத் தேய்த்ததாகச் செய்தி வந்தது. வேலையை நிறுத்திவிட்டு அவரைக் கூப்பிட்டாள்.

"அங்க என்ன வாங்கினீங்க?"

"அம்மாவுக்கு நீச்சல் உடை. பக்கத்துத் தெருக் குளத்துல வகுப்புல சேர்ந்துட்டாங்க. உன்கிட்டச் சொல்ல வெட்கமாம்."

அவள் சிரித்த சிரிப்பு மேல்தளம் வரை எதிரொலித்தது. அதற்குள் மாமியார் போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"ஏம்மா, இதுக்குப் பணம் திரும்பி வருமா?"

"மளிகைக்கும் மருந்துக்கும்தான் அத்தை. இதுக்கு வராது."

"சரி, பரவால்ல. பில் போட்டாச்சு, ஆனா நிறம் மாத்திக்கலாமாம். நீலமா, சிவப்பா? அதைச் சொல்லு."

"சிவப்பு எடுங்க அத்தை" என்றாள் மேல்மாடி.