ராணிக்குப் போட்ட அரிசி

எங்கள் பரசுராமன் சித்தப்பா இருபத்திரண்டு வருடமாகக் கூத்தில் ராணி வேஷம் கட்டுகிறார். மற்ற நாட்களில் வாலாஜாபாத் அரிசி ஆலையில் மூட்டை தூக்குவார். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டத்தை நான் வாங்கி வந்தபோதும் ராணியின் வசனத்தில்தான் வாழ்த்தினார். சொந்த வார்த்தை அவருக்கு வராது.

கூத்தில் மந்திரி, ராணியைப் பற்றி ராஜாவிடம் கோள் சொல்லுவான். ராஜா விசாரிக்காமலே அவளைத் துரத்திவிடுவார். மந்திரி வேஷம் கட்டுகிறவன் லோகேஸ்வரன். சித்தப்பா மனம் உடைந்து வேஷத்தை விட்டால் தன் தம்பிக்குக் கிடைக்கும் என்று நினைத்து, தை மாதம் நதியா சித்தியிடமும் கோள் சொன்னான். ஆலையில் வேலை செய்யும் கிருஷ்ணவேணியோடு சித்தப்பாவுக்குத் தொடுப்பாம். பச்சைப் பொய்.

"உண்டா, இல்லியா? வாயத் தொறந்து சொல்லுயா" என்று சித்தி மூன்று நாள் கேட்டார். சித்தப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். நான்காம் நாள் சித்தி ஐயம்பேட்டையில் தாய் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஆடியில் அதே ஐயம்பேட்டை அம்மன் கோயிலில் பகல் கூத்து. துரத்தப்பட்ட ராணி கூட்டத்துக்குள் இறங்கி மடியேந்துவாள். சுமங்கலிகள் ஒரு பிடி அரிசி போட்டு, "உன்மேல தப்பில்ல, போய் வா" என்று சொல்லவேண்டும். அது வழக்கம். சித்தியும் சொல்லித்தானே ஆகவேண்டும், சொல்லிவிட்டால் வந்துவிடுவார் என்று சித்தப்பா நம்பினார்.

தறியை நிறுத்திவிட்டு வந்த பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னா ராணிம்மா, மீசைய ஒயுங்கா வழிக்கலியா?" என்று செல்லியம்மாள் அரிசியைப் போட்டார். ஒரே சிரிப்பு. அடுத்து சித்தி.

"ராணி மேல தப்பில்ல" என்று அரிசி போட்டார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னது பக்கத்திலிருந்த எனக்குக் கேட்டது. "மூஞ்சக் கழுவிக்கினு வூட்டாண்ட வா. நீயா ஒரு வார்த்த சொல்லு. பொட்டியோட கெளம்பி வந்துடறேன்."

சித்தப்பா தலையாட்டினார். அடுத்த பெண்ணிடம் மடியேந்தினார்.

கூத்து முடிந்து, மடி அரிசியைப் பொங்கி எல்லோரும் சாப்பிட்டார்கள்.

"இன்னாண்ணா, அண்ணி இன்னா சொல்லிச்சி?" என்றான் லோகேஸ்வரன்.

சித்தப்பா உப்பை அவன் பக்கம் நகர்த்தினார். தேங்காய் எண்ணெயும் துணியும் எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். அங்கிருந்து நான்காவது வீடு சித்தியின் தாய் வீடு. வாசற்படியில் பெட்டி இருந்தது.

வேன்காரர் ஹாரன் அடித்தார். சித்தப்பா வந்து ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். கையில் துணி மடித்தபடியே இருந்தது. வாலாஜாபாத் வரை அரிதாரம் வியர்வையில் வடிந்துகொண்டே வந்தது. அவர் துடைக்கவில்லை.