மூடியுள்ள கிண்ணம்

அப்பா இறந்து ஒரு வருடமாகிறது. வருகிற ஞாயிறு ஊர் விளையாட்டுக்கழகம் அவர் நினைவாகக் கரப்பந்தாட்டப் போட்டி வைக்கிறது. வெற்றிக் கிண்ணங்கள் எங்கள் குடும்பத்தின் பொறுப்பு.

இந்த ஒரு வருடமாகப் படலையைத் தாண்டாத அம்மா, இன்று "நானும் வாறன்" என்று என்னோடு கிளிநொச்சிக்குக் கிண்ணம் வாங்கப் புறப்பட்டார்.

கடைக்காரர் இரண்டடி உயரக் கிண்ணமொன்றை எடுத்து வைத்தார். அம்மா உள்ளே எட்டிப் பார்த்தார்.

"தம்பி, இதுக்கு மூடி இல்லையோ?"

"கப்புக்கு ஏனம்மா மூடி? சும்மா அலுமாரியில வைக்கிறதுதானே."

"நாங்கள் ஒருநாளும் அலுமாரியில வைக்கேல்லை."

உண்மைதான். துணுக்காயில் வென்றாலும் முல்லைத்தீவில் வென்றாலும், அப்பா கிண்ணத்தை சைக்கிளில் மாட்டிக்கொண்டு நேரே குசினிக்குத்தான் வருவார். "இஞ்சாரும், இது சீனிக்கு." அடுத்தது தேயிலைக்கு. அதற்கடுத்தது மிளகாய்த்தூளுக்கு. மாவட்ட அணிக்கே விளையாடியவரின் வீட்டு முன்னறையில் ஒரு கிண்ணம்கூட இருந்ததில்லை.

அம்மா கடைக்காரருக்குச் சொன்னார்: "சீனிக்குள்ள எறும்பு வந்தா அவரைத்தான் கோவிச்சுப் பேசுவன். 'அடுத்தமுறை மூடியுள்ளதா வெண்டுகொண்டு வாறன்' எண்டுவார். கடைசிவரைக்கும் கொண்டு வரேல்லை."

சிரித்துக்கொண்டுதான் தொடங்கினார். முடிக்கும்போது சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

கடைக்காரர் ஏணி வைத்து ஏறி, மேல்தட்டில் தேடினார். மூடியுள்ளது ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது.

அது முதலிடத்துக்கு.

இரண்டாமிடம் வரும் அணியினரின் மனைவிமாருக்கு: எறும்பு வந்தால் எங்களைப் பேச வேண்டாம். அப்பாவைப் பேசுங்கள். அவருக்குப் பழக்கம்.