மாது யோசித்தானா?

கொலை நடந்து முடிந்த பிறகுதான் கிரிமினல் வக்கீலுக்கு வேலை ஆரம்பிக்கிறது. அதனால் எங்களைப் பார்த்து யாரும் சந்தோஷப்படுவதில்லை. இரண்டாவது உலக யுத்த காலத்தில் பி.எல். முடித்து, தருமபுரியில் ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்தேன். ஜூனியராக இருந்து பார்த்த வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சீனியரின் புத்தகங்களைத் தூக்க வேண்டும், கட்சிக்காரர் அழுதால் பக்கத்தில் நிற்க வேண்டும், எதையாவது விட்டுவிட்டோமோ என்று ராத்திரி எழுந்து கேஸ் கட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அப்பாவின் சந்தேகம்

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவன் நான்தான். பையன் என்ன வேலை பார்க்கிறான் என்று ஊரில் கேட்டால் சொல்லத் தெரியவில்லை என்று அப்பா குறைப்பட்டார். உட்காரவைத்து விளக்கினேன். கொலை என்றால் எல்லாம் ஒன்றல்ல. வேண்டுமென்றே, நிதானத்தோடு கொன்றால் முந்நூற்றிரண்டாவது பிரிவு. தூக்கு, இல்லாவிட்டால் ஆயுள் முழுக்கத் தீவாந்தரம். கண்ணெதிரே பொறுக்க முடியாத ஒன்று நடந்து, அந்தச் சூட்டிலேயே தன்வசம் இழந்து அடித்துவிட்டால் முந்நூற்றுநாலு. பெரும்பாலும் சில வருஷ ஜெயிலோடு போய்விடும்.

மாட்டுக்குச் சோளத்தட்டு அள்ளிப் போட்டுக்கொண்டே அப்பா எல்லாவற்றையும் கேட்டார். பிறகு சொன்னார்: "அது செரி. செத்தவன் எந்தப் பிரிவுலடா செத்தான்?"

முதல் கொலை வழக்கு

பென்னாகரம் பக்கத்து ஆள் மாது. பக்கத்துக் காட்டில் சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்தான். அவன் தங்கை பாப்பாத்தியை அவள் புருஷன் தலைமயிரைப் பிடித்து, ஊரார் பார்க்கக் களத்தில் இழுத்துக்கொண்டு போனான். மாது கையிலிருந்த அரிவாளோடு ஓடிவந்தான். ஒரே வெட்டு. மச்சான் வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துபோனான். மாது ஓடவில்லை, போலீஸ் வரும்வரை களத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

இது முந்நூற்றுநாலுதான் என்று எனக்குப் பட்டது. இருந்தாலும் புத்தகத்தை மறுபடி மறுபடி புரட்டிக்கொண்டிருந்தேன். சீனியர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து புத்தகத்தை மூடினார். "தம்பி, வெட்டுனதப் பத்தி நாம ஒண்ணும் பேசப் போறதில்ல. வெட்டுக்கு முந்தின கொஞ்ச நேரம் இருக்கு பாரு, அது மட்டுந்தான் நம்ம சொத்து."

சப்-ஜெயிலில்

நம்பிக்கையோடு மாதுவைப் பார்க்கப் போனேன். "கண்ணு முன்னால பாத்ததும் ஆத்திரம் தாங்கல, அப்படித்தானே?" என்று கேட்டேன். அவன் முகம் சுருங்கியது. அப்படியெல்லாம் இல்லை, நன்றாக யோசித்துத்தான் வெட்டினேன் என்றான். அரிவாளை ஓங்கும்போதுகூட யோசித்துக்கொண்டே இருந்தேன் என்றான். யோசித்தேன் என்று சொன்னால் தூக்கு என்று சொல்லிப் பார்த்தேன். தலையசைத்தான், அது தெரியுமாம்.

காரணத்தைப் பிடுங்கிப் பிடுங்கித்தான் வாங்க வேண்டியிருந்தது. வீட்டில் கல்யாணத்துக்கு இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். நியாயத்துக்காக யோசித்துச் செய்தவன் வீட்டில் சம்பந்தம் செய்வார்கள். புத்தி கெட்டுக் கை நீட்டுகிறவன் வீட்டுப் பக்கம் யாரும் வர மாட்டார்கள். அவன் ஊர்க் கணக்கில் நம் சட்டம் தலைகீழாக நின்றது. "என்னெத் தூக்குல போடட்டுங்க. கோவக்காரன் வூடுன்னு பேரு வந்துட்டா எம் பொண்ணுங்கள எவனுங்க கட்டுவான்?"

மாஜிஸ்டிரேட் முன்னால்

சப்-மாஜிஸ்டிரேட் விசாரணையில் அவன் சொன்னபடியே செய்தான். சொல்வது உனக்கே எதிராகப் போகும் என்று அவர் எச்சரித்தும் கேட்கவில்லை. "யோசிச்சேன்" என்ற வார்த்தையை நிறுத்தி நிதானமாகச் சொன்னான். வழக்கு முந்நூற்றிரண்டாகவே சேலம் செஷன்ஸுக்குப் போனது. எங்கள் குமாஸ்தா வெளியே வந்து வேட்டியை உதறிக் கட்டினார். "இவனாட்டம் ஒரு கட்சிக்காரன் இருந்தா சர்க்கார் வக்கீலுக்கு லீவு குடுத்துடலாங்க."

பாப்பாத்திக்குப் பாடம் இல்லை

பாப்பாத்தி சர்க்கார் தரப்புச் சாட்சி. அவளிடம் இரண்டு வார்த்தை சொல்லிவைத்தால் அண்ணன் உயிர் தப்பும் என்றார் குமாஸ்தா. எனக்கு மனசு வரவில்லை. புருஷனைப் பறிகொடுத்தவள் அவள். பறித்தவன் அவள் அண்ணன். அவளுக்கு நான் என்ன வார்த்தை சொல்லிக்கொடுப்பது? சீனியர் என்ன சொல்வாரோ என்று பயந்துகொண்டே சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "சொல்லிக்குடுத்தது கூண்டுல ஏறுனதும் மறந்துடும் தம்பி. பட்டது மறக்காது. வுடு."

சேலத்தில்

சாட்சிக் கூண்டில் பாப்பாத்தி நடந்ததை நடந்தபடி சொன்னாள். இழுத்ததைச் சொன்னாள், வெட்டியதையும் சொன்னாள். அண்ணனைப் பார்க்கவேயில்லை. நாங்கள் எதுவும் கேட்பதற்கு முன் ஜட்ஜே அவள் பக்கம் திரும்பினார். யோசித்துத்தான் வெட்டியதாக உன் அண்ணனே சொல்லியிருக்கிறானே, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டார்.

அவள் அப்போதுதான் மாதுவைத் திரும்பிப் பார்த்தாள். "அவன் எங்கீங்க யோசிச்சான்? யோசிச்சிருந்தா என்னெ நெனச்சிருக்க மாட்டானுங்களா?"

மாது தன் கூண்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டான். தன் முறை வந்தபோது, களத்துக்கு எப்படி வந்தேன் என்பதே நினைவில்லை, அவள் மயிர் அவன் கையில் இருந்தது மட்டுந்தான் தெரியும் என்றான். அன்றைக்குத்தான் அவன் முதல் முறையாக உண்மையைச் சொன்னான்.

தீர்ப்பு நாள்

முந்நூற்றுநாலு, சில வருஷக் கடுங்காவல். சீனியர் என் தோளைத் தட்டினார். இந்த வேலை எனக்கு வந்துவிடும் என்று அன்றுதான் தோன்றியது. மாதுவுக்கோ சந்தோஷமில்லை. விலங்கோடு போகும்போது, தீர்ப்பில் கோவக்காரன் என்று எழுதியிருக்கிறதா என்று என்னைக் கேட்டான். அந்த வார்த்தை இல்லை, அர்த்தம் அதுதான் என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

பாப்பாத்தி பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள். "எழுதுனா எழுதிட்டுப் போறாங்க. பொண்ணு பாக்க வர்றவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். நீ போயிட்டு வா."

திரும்பும்போது தொப்பூர் மேட்டில், பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரிவாயுவில் ஓடிய பஸ் ஏற மறுத்து எல்லோரையும் இறக்கி நடக்கவிட்டது. நடந்துகொண்டே நான் கண்ட முடிவு என்னவென்றால், கொலையைப் பிரிவு பிரித்துத் தீர்ப்பு வாங்கச் சேலம் வரை போனால் போதும், அந்தத் தீர்ப்பின் மேல் அப்பீலை மட்டும் பெண் பார்க்க வருகிறவர்கள்தான் விசாரிக்கிறார்கள்.