கடற்புல் அலசிய கை

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அலசல் அக்காவுக்கு ஒரே வேலைதான். கடலடியிலிருந்து பறித்து வரும் கடற்புல்லை மூன்று தொட்டித் தண்ணீரில் அலசி, இலையில் ஒட்டியிருக்கும் பழுப்புப் பாசியைக் கத்தியின் முதுகால் சுரண்டி, நிழலில் உலர்த்திக் கொடுக்க வேண்டும். பிறகு அதை அரைத்து, ஆல்கஹாலில் ஊறவைத்து, சத்து இறக்குவார்கள். அந்தச் சத்து உடம்பின் வீக்கத்தைத் தணிக்கும் என்று பதினொரு வருடமாக எங்கள் இயக்குநர் ஊர் ஊராகப் போய்ப் பேசிவந்தார். நான் ஸ்டோர் கீப்பர். எனக்குத் தெரிந்து அந்தச் சத்தால் பலனடைந்தது அவர் முகம் மட்டும்தான். அப்படி ஒரு பளபளப்பு.

ஒரு தடவை அக்காவுக்கு மூன்று நாள் காய்ச்சல். அவருக்குப் பதில் ஆய்வுக்கூட டிரைவர் அலசினார். மனுஷன் வண்டி துடைக்கிற சுத்தத்தில் சுரண்டித் தள்ளிவிட்டார். பரிசோதனையில் சத்து பூஜ்யம். அக்கா வந்து அலசியதும் பழையபடி கிடைத்தது. மாற்றி மாற்றிப் பார்த்தார்கள், அதே கதை. படித்தவர்கள் ஆறு பேர் கூடி, மண்டையைப் பிய்த்துக்கொண்டு, கடைசியில் கண்டுபிடித்தார்கள்: அக்காவுக்குக் கைராசி.

அன்று பிடித்தது சனி. அக்கா கை கழுவிய தண்ணீரைப் பாட்டிலில் பிடித்தார்கள். என்ன சோப்பு, என்ன எண்ணெய் என்று நாலு பக்கத்துக்குக் கேள்வி. அக்காவின் கையுறையை டிரைவருக்கு மாட்டி அலசவிட்டார்கள். அதுவும் பலிக்காமல் போகவே, அக்காவை யாரும் தட்டிக்கொண்டு போய்விடக் கூடாதென்று சாமான் பதிவேட்டில் ஏற்றச் சொன்னார் இயக்குநர். தராசுக்கும் அரவை இயந்திரத்துக்கும் நடுவில் எழுதினேன்: அக்கா, ஒன்று, நல்ல நிலையில்.

அக்கா சிரித்துக்கொண்டுதான் இருந்தார், லீவு கேட்கும்வரை. மகளுக்கு இரண்டாவது பிரசவம். முதல் பிரசவத்தின்போது ஏதோ கருத்தரங்கு என்று லீவு கிடைக்கவில்லை. மகள் ஒரு வருடம் பேசவில்லை. “இந்தத் தடவையும் நீ வரமாட்டேன்னு தெரியும்மா” என்று போனில் சொல்லிவிட்டாளாம்.

“கருவியை வெளியூர் அனுப்ப விதி இல்லம்மா” என்றார் இயக்குநர். கிண்டல் இல்லை, நிஜமாகவே வருத்தப்பட்டார்.

அக்கா இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

“சார், கோவிச்சுக்காதீங்க. என் கையில ஒண்ணுமில்ல. அந்தப் பாசியை நான் சுரண்டுறதே கிடையாது. வேலைக்கு வந்த முதல் நாள் சுரண்டினேன், இலை நார் நாரா கிழிஞ்சிடுச்சு. திட்டுவீங்களேன்னு பயந்து விட்டுட்டேன், அதுவே பழகிப்போச்சு. நீங்க தேடுற சத்து அந்தப் பாசியில இருக்கோ என்னவோ.”

பதினொரு வருடம், பத்தொன்பது கட்டுரைகள், ஒவ்வொன்றின் தலைப்பிலும் கடற்புல்.

“லீவுக்காக இப்படியெல்லாம் சொல்லலாமாம்மா?” என்றார் இயக்குநர்.

அக்காவுக்கு அவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததில்லை. ஆறு பேரையும் தொட்டிப் பக்கம் வரச்சொல்லி, கத்தியைக் கேட்டு வாங்கி, அவர்கள் கண்முன்னே ஒரு கூடைப் புல் முழுவதையும் சுரண்டி எடுத்தார். நாலு நாளில் முடிவு வந்தது. பூஜ்யம்.

உண்மை வெளிவந்துவிட்டது என்று நினைத்தேன். எனக்கு என்ன தெரியும்? ஆறு பேரும் மறுபடி கூடி, அக்காவின் கைராசி போய்விட்டது என்று முடிவு கட்டினார்கள். இயக்குநர் கண் கலங்கினார். “பழுது, இனி உதவாது” என்று பதிவேட்டில் முத்திரை குத்தி, நகலை அக்காவிடம் கொடுத்தேன். பழுதான சாமான் வெளியே போக விதியில் தடையில்லை.

“அந்தப் பாசியை ஒரு தடவை சோதிச்சுப் பார்க்கச் சொல்லுங்க தம்பி” என்றார் அக்கா, பையைத் தோளில் மாட்டிக்கொண்டே. தலையாட்டினேன். நான் சொல்லப் போவதில்லை என்று எங்கள் இருவருக்குமே தெரியும். வெட்கமாக இருந்தது.

மற்றதை அக்கா போனில் சொன்னார். பிரசவத்துக்கு இன்னும் இரண்டு நாள் இருந்ததாம். கதவைத் திறந்த மகள் நம்பாமல் நின்றாளாம்.

“எப்படிம்மா விட்டாங்க?”

“நான் இனி எதுக்கும் உதவமாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டாங்கடி.”

சிரிக்க நினைத்துத்தான் சொன்னாராம், அழுகை வந்துவிட்டது. மகள் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பையை வாங்கினாள்.

“எனக்கு உதவுவே. உள்ள வா.”