இறக்கையில் என் தையல்

கணவர் பத்திரமாகத் தரையிறங்கிய நாளில் ஒரு மனைவிக்கு ஏன் கோபம் வரவேண்டும்? ஆறு வருடமாகியும் எனக்கு விடை தெரியவில்லை.

தொண்ணூறாம் ஆண்டு, லண்டன் கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டுக் கராஜில் என் கணவர் ஒரு சிறிய விமானம் கட்டினார். மரச்சட்ட இறக்கைக்குத் துணி போர்த்தி, மெழுகு நூலால் சட்டத்தோடு தைக்க வேண்டும். அந்த வேலையை என்னிடம் தந்தார். ஒருநாள் பிள்ளை வீரிட்டு அழ, ஒரு முடிச்சைப் பாதியில் விட்டு ஓடினேன். திரும்பி வந்தபோது அது எந்த இடமென்று தெரியவில்லை. சொன்னால் முழுவதையும் பிரிக்க நேருமே என்று சொல்லாமல் இருந்துவிட்டேன்.

கோடையில் அவர் அந்த விமானத்தை வானில் தலைகீழாகப் புரட்டிக் காட்டினார். அன்று காலையிலும் உண்மை வாய்வரை வந்து திரும்பிப் போயிருந்தது. கீழே பிள்ளையை இறுக்கிக்கொண்டு இறக்கையை மட்டுமே பார்த்து நின்றேன்.

இறங்கியதும் அழுதபடி எல்லாம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"விசரே உமக்கு? நீர் லூயிஷாமில தங்கச்சி வீட்ட நிண்ட கிழமையே உம்மட தையல் முழுக்கப் பிரிச்சு நானே தைச்சிட்டன்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா மனம் நோவீர் எண்டுதான்."

இன்றும் வீட்டுக்கு வருபவர்களிடம், "இறக்கை முழுக்க என்ர மனுசி தைச்சது" என்று பெருமையடிக்கிறார். நானும் தேநீர்த் தட்டோடு தலையாட்டுகிறேன். அவருடைய உயிரைப் பணயம் வைத்து வாய்மூடி நின்றவள் நான். அவரை மறுத்துப் பேச எனக்கு உரிமை உண்டா? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.