செம்பு மோதிரமும் இரண்டு பல்புகளும்

எங்கள் வீட்டுக்கு மின்சாரம் வந்த வாரத்தில் எனக்கு ஒரு மோதிரமும் கிடைத்தது. ஒயர்மேன் சுவரில் மரச்சட்டம் அடித்துக் கம்பி இழுத்துவிட்டு, இணைப்புக் கொடுக்க ஆள் வரும்வரை அதன் நுனியை வாசலில் தொங்கவிட்டுப் போயிருந்தார். மேல்ரப்பரைக் கடித்து நீக்கினால் உள்ளே மூன்று செம்பிழைகள். இரண்டை உருவி, முறுக்கி, விரலில் மாட்டிக்கொண்டேன். நாலு நாள் கழித்து வந்தவர் மிச்சம் இருந்ததை அவசரமாக முறுக்கி, மேலே கறுப்பு நாடாவைச் சுற்றிவிட்டுப் போனார்.

வீடு ஒன்றுதான், நடுவில் ஓலைத்தட்டி. அப்பா இறந்த பிறகு வைத்தது. அந்தப் பக்கம் பெரியப்பாவும் பெரியம்மாவும். இந்தப் பக்கம் அம்மா, நான், தங்கை. வாசலில் நுழைந்த கம்பி இரண்டாகப் பிரிந்து அவர்களுக்கு ஒரு பல்பு, எங்களுக்கு ஒரு பல்பு. அம்மா பகலில் புகையிலை அடுக்கிவைக்கும் கிட்டங்கிக்கு வேலைக்குப் போவாள். பொழுது சாய்ந்ததும் பேகம்பூர்த் தையல்கடைச் சட்டைகளுக்குக் காஜா எடுப்பாள். பொத்தான் துளையைச் சுற்றி நெருக்கமாக நூல் போடும் வேலை; நல்ல வெளிச்சம் வேண்டும். எங்கள் ராச்சோறு அதில்தான்.

ஒரு மாதம் போயிருக்கும். பெரியப்பா பேப்பரை மடித்துவைத்துவிட்டுத் தட்டி வழியாகச் சத்தம் போட்டார்.

"ஏலே, ஒங்க பல்பப் போட்டா எம் பல்பு அழுது வடியுதுலே!"

"அம்புட்டுக் கரண்டையும் அங்கிட்டே உறிஞ்சிட்டா இங்கிட்டு என்ன இருக்கும்?" என்றாள் பெரியம்மா.

அம்மா எழுந்து பல்பை அணைத்துவிட்டு, பெரியப்பா படித்து முடிக்கும்வரை ஊசியோடு இருட்டில் உட்கார்ந்திருந்தாள்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வாய்க்காலை இரண்டாக வெட்டினால் தண்ணீர் குறையத்தானே செய்யும்? ஆனால் எட்டாம் வகுப்புப் புத்தகம் வேறு சொன்னது. இணையாக இணைத்த பல்புகள் ஒவ்வொன்றுக்கும் முழு மின்னழுத்தமும் கிடைக்குமாம். தன் தடைக்கு ஏற்ற மின்சாரத்தை அதது எடுத்துக்கொள்ளும். ஒன்று எரிவதால் மற்றது மங்காது. போதாக்குறைக்கு, தடைகளை இணையாகக் கூட்டினால் மொத்தத் தடை குறையும் என்றும் இருந்தது. எங்கள் வீட்டில் தடை கூடக்கூடக் கஷ்டமும் கூடியதைத்தான் நான் பார்த்திருந்தேன். நாலு முறை படித்தும் தலை சுற்றியது. ஆனால் படத்தில் இரண்டு பல்புகளும் ஒரே மாதிரி கதிர் விட்டன. அது போதும் என்று நினைத்தேன்.

மறுநாள் பொழுது சாய, புத்தகத்தோடு பெரியப்பா முன்னால் போய் நின்றேன்.

"மங்காது பெரியப்பா. இதுல போட்டிருக்கு, பாருங்க."

"மங்கலைன்னா விடிய விடிய எரிச்சுக்க. மங்குச்சுன்னா ஒங்க பல்பக் கழட்டிருவேன். சம்மதமா?"

"விட்ருடா அப்பு" என்று தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து அம்மாவின் குரல் வந்தது. அதற்குள் நான் சம்மதம் என்று சொல்லியிருந்தேன்.

அவருடைய பல்பை நோக்கி விரலை நீட்டிக்கொண்டு, "போடு" என்று தங்கைக்குக் குரல் கொடுத்தேன்.

"போட்டேன்ணே!"

பெரியப்பாவின் பல்பு சிவந்து சோர்ந்தது. "அணை" என்றேன். பளிச்சென்றது. மறுபடி போடச் சொன்னேன். மறுபடி சிவந்தது. மூன்றாம் தரமும் அதேதான்.

"புஸ்தகத்த அடுப்புல வையி" என்றார் பெரியப்பா. குரலில் கேலி இல்லை. அவரும் கொஞ்சம் நம்பியிருந்தார் போல. தட்டியைச் சுற்றி வந்து, எங்கள் பல்பைத் துண்டால் பிடித்துக் கழற்றினார்.

"நான் சரியாத்தானே போட்டேன்?" என்று தங்கை அழுதாள்.

சிம்னி விளக்கில் எடுத்த காஜாக்கள் கோணின. தையல்கடைக்காரர் சட்டை தருவதை நிறுத்தினார். ராச்சோறு ஒருநாள் விட்டு ஒருநாள் என்றானது. மறுவருடம் நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, எரியோட்டிலிருந்து கடலை ஏற்றிப்போன ஒரு லாரியில் ஏறினேன். பொய் சொல்லும் புத்தகத்தைப் படித்து என்ன ஆகப்போகிறது என்பதும் ஒரு காரணம்.

பல ஊர் சுற்றிய பிறகு, சோலாப்பூரில் ஒரு மில்லில் ஒயர் வேலைக்கு நின்றேன். ஒரு கொட்டகையில் விளக்கெல்லாம் மங்கலாக எரிகிறது என்று கம்பி ஒட்டுப் போட்ட இடத்தைப் பிரிக்கச் சொன்னார்கள். நாடாவுக்குள் ஒற்றை இழை, கருகித் தளர்ந்து கிடந்தது. கம்பி பிரிவதற்கு முன்னால், எல்லோருக்கும் பொதுவான இடத்தில் அப்படியொரு தடை உட்கார்ந்தால், அழுத்தத்தை அதுவே தின்றுவிடும். இன்னொரு பல்பு போட்டால் இன்னும் கொஞ்சம் தின்னும். புத்தகம் பொய் சொல்லவில்லை. பெரியப்பாவின் கண்ணும் பொய் சொல்லவில்லை.

அன்று நான் நீட்டிய விரலில்தான், வாசல் கம்பியிலிருந்து உருவிய இரண்டு இழைகளாலான அந்த மோதிரம் இருந்தது. பல்பு சோர்ந்தபோது அதுவும் மங்கியிருக்கும், பளிச்சிட்டபோது மின்னியிருக்கும். நான் பல்பை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.