பதினெட்டாம் வருஷத்துத் தென்னம்பிள்ளை

மேலகரத்துல என் எலக்ட்ரிக் கடையைத் தாண்டி செங்கோட்டை பஸ் போகும்போதெல்லாம் நான் தலையை நிமிர்த்திப் பாக்கேன். பாக்கப்பிடாதுன்னு நினைச்சாலும் கழுத்து தானா திரும்புது. எங்க அண்ணன் அரசு பஸ் டிரைவர். கடையைத் தாண்டும்போது ஹாரனை ரெண்டு தட்டு தட்டிட்டுப் போவான். 'இருக்கியாலே'ன்னு அதுக்கு அர்த்தம். ரிட்டயர் ஆகிக் கொஞ்ச வருஷம் இலஞ்சியில தென்னந்தோப்பைப் பாத்துக்கிட்டு இருந்தான். போன மார்கழியில செத்தும் போயிட்டான். அந்த ரெண்டு தட்டு மட்டும் எனக்கு இன்னும் கேக்குது. ரோட்டுல பஸ்ஸே இல்லாதப்பவும் கேக்குது. காது டாக்டரைப் பாருங்கன்னு வீட்டுக்காரி சொல்லுதா. என் காதுக்கு ஒரு கேடும் இல்லை.

அண்ணனுக்குச் சாமி கிடையாது. ஊருக்குப் பயந்து பாதி, வீட்டுக்குப் பயந்து பாதின்னு இருக்கிற ஆள் இல்லை, முழுசாவே கிடையாது. லீவு நாள்ல கருப்புச் சட்டையை மாட்டிக்கிட்டுக் கூட்டத்துக்குப் போவான். நான் அப்படியே தலைகீழ். கார்த்திகை பிறந்தா கழுத்துல மாலை, வாயில சரணம். சண்டையே போட்டதில்லைன்னு சொன்னா அது பச்சைப் பொய். எனக்கு மூக்குமேல கோவம், அவனுக்கு நாக்குமேல நக்கல். "உங்க சாமிக்குப் பூட்டு எதுக்குலே"ம்பான். "உங்க கூட்டத்துல ஒருத்தனாவது சிரிச்ச மூஞ்சியா இருக்கானா"ம்பேன். சாப்பாட்டு நேரம் வந்தா சண்டை அதோட முடிஞ்சிரும்.

ஆனா ஒண்ணு சொல்லணும். சபரிமலை சீசனுக்குப் பம்பைக்கு விடுற ஸ்பெஷல் பஸ்ஸை, நான் போற நாளாப் பாத்து அவன் கேட்டு வாங்குவான். அந்த ரெண்டு நாளும் மீனைத் தொட மாட்டான். இது என்ன புதுப் பழக்கம்னு அவன் வீட்டுக்காரி, எங்க மதினி, கேட்டதுக்கு, "ஓட்டுறவன் வாயில மீன் வாடை அடிச்சா பின்னால இருக்க சாமிமாருக்குச் சங்கடமா இருக்கும்லா"ன்னு சொன்னானாம். எத்தனையோ ஆயிரம் பேரைப் பம்பையில கொண்டு இறக்கினவன் ஒரு நாளும் மலை ஏறினதில்லை. நாங்க ஏறுவோம். அவன் டிரைவர் சீட்டுல சாஞ்சு, முகத்துல துண்டைப் போட்டு உறங்கிருவான். இறங்கி வந்து நான் ஜன்னலைத் தட்டினா, எந்திரிச்சுக் கேக்க மொத வார்த்தை, "அரவணை எங்கலே?" பிரசாதப் பாயச டின்னைத் திறந்து விரலால வழிச்சு வழிச்சுத் தின்னுட்டு, "சாமி இல்லன்னாலும் சமையக்காரன் நிச்சயமா இருக்கான்"ம்பான்.

என் பங்குக்கு நானும் குறை வைக்கலை. அவன் மகள் கல்யாணம் ஐயர் இல்லாம, ஹோமம் இல்லாம, மேடையில நாலு பேர் பேசி முடிஞ்சுது. சொந்தக்காரன் ஒருத்தன் பந்தியில உக்காந்துக்கிட்டு, இதெல்லாம் ஒரு கல்யாணமான்னு ஆரம்பிச்சான். "சோத்துல உப்பு குறைஞ்சா சொல்லு, மத்தது உனக்கு எதுக்கு"ன்னு நான் போட்ட சத்தத்துல மண்டபமே திரும்பிப் பாத்துச்சு. என் சட்டைப் பையில இலஞ்சி முருகன் கோயில் திருநீறு மடிச்சு இருந்துச்சு. பிள்ளை நெத்தியில ஒரு இழுப்பு இழுக்கணும்னு கை பரபரத்துச்சு. இழுக்கலை. பொட்டலம் பைக்குள்ளேயே கசங்கிப் போச்சு.

அப்புறம் ஆடி அமாவாசை. அப்பாவுக்குத் தர்ப்பணம் குடுக்க நான் குத்தாலம் மெயின் அருவிக்குப் போவேன். மூத்த மகன் அவன், குடுக்க வேண்டியது அவன்தான், குடுக்க மாட்டான். ஆனா கூடவே வருவான். குத்தாலத்துல துணியை வச்சுட்டுத் தண்ணியில இறங்கினா, திரும்பி வரும்போது சட்டை மரத்து மேல இருக்கும். குரங்குத் தொல்லை அப்படி. அண்ணன் ஒரு கம்பை வச்சுக்கிட்டு என் துணிக்குக் காவல் உக்காந்துருவான். "நீ சாமியைப் பாரு, நான் குரங்கைப் பாக்கேன்." ஒருதடவை தர்ப்பணம் முடிச்சு ஈரத்தோட வந்து நின்னப்போ, துண்டை நீட்டிக்கிட்டே சொன்னான்: "ஏலே, எனக்கு இதெல்லாம் பண்ணிராத. எள்ளும் வேண்டாம், தண்ணியும் வேண்டாம். உடம்பை டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குக் குடுத்தாச்சு, எழுதியும் குடுத்தாச்சு. சத்தியம் பண்ணு." உனக்குத்தான் சாமி இல்லையே, எது மேல சத்தியம் பண்ணன்னு கேட்டேன். "உன் சாமி மேல பண்ணு. அப்பதான் நீ மீற மாட்ட"ன்னான். பண்ணினேன்.

போன வருஷம் எனக்குப் பதினெட்டாவது மலை. பதினெட்டாம் வருஷம் போறவன் ஒரு தென்னம்பிள்ளையைக் கொண்டுபோய் சன்னிதானத்துல நடணும், அது வழக்கம். நர்சரியில வாங்கலாம்னு இருந்தேன். அண்ணன் கேள்விப்பட்டு, "கண்ட இடத்துல வாங்காத, நான் போட்டுத் தாரேன்"னான். தோப்புல பம்புசெட்டை ஒட்டி நிக்க மரம்தான் அவனுக்கு உசுரு. அந்த மரத்துத் தேங்காயை மணல்ல பதிச்சு, தினமும் தண்ணி ஊத்தி முளைக்க வச்சான். நான் பாக்கப் போகும்போதெல்லாம், "உன் சாமிக்குப் பிள்ளை வளக்கேன், எனக்குக் கூலி அரவணைதான்"ம்பான்.

கார்த்திகை கடைசியில அவனுக்கு மூச்சிரைப்பு வந்து, நுரையீரல்ல தண்ணி கோத்துருச்சுன்னு திருநெல்வேலியில ஒரு ஆஸ்பத்திரியில சேத்தாங்க. நான் மாலையும் கழுத்துமாப் போய்ப் பாத்தேன். மலைக்கு இந்த வருஷம் போகலைன்னு மெதுவா ஆரம்பிச்சேன். முறைச்சான். "பிள்ளை முளைச்சு இலை விட்டு நிக்கு. பேசாம போயிட்டு வா. உங்க ஐயப்பன்ட்ட அந்த ரோட்டைக் கொஞ்சம் சரி பண்ணச் சொல்லு"ன்னான். சிரிச்சான், சிரிப்புல இருமல் வந்துருச்சு. கொஞ்சம் தேறிட்டார்னு டாக்டரும் சொன்னார். அதை நம்பிக் கிளம்பினேன்.

மார்கழியில ஒரு சாயங்காலம் இருமுடி கட்டி, வாசல்ல தேங்காய் உடைச்சு, வேன் ஏறினோம். மடியில தென்னம்பிள்ளை. நான் திரும்பி வர்ற வரைக்கும் வீட்டுல விளக்கு அணையாம எரியணும், அது வீட்டுக்காரி பொறுப்பு. மறுநாள் மத்தியானம் பம்பையில குளிச்சிட்டு மதினிக்குப் போன் போட்டேன். அண்ணன் எப்படி இருக்கான்னு கேட்டேன். பின்னால ஆஸ்பத்திரி இரைச்சல் கேட்டுச்சு. பிறகு மதினி, "உறங்குதாவ"ன்னா.

உறங்குதாவ. எனக்கு டிரைவர் சீட்டும், முகத்துல கிடக்க துண்டும்தான் ஞாபகம் வந்துச்சு. அவன் கீழ உறங்குதான், நான் மேல ஏறுதேன், அவன் பஸ் ஓட்டின காலம் போலத்தானேன்னு மனசு லேசாகிருச்சு. பதினெட்டுப் படி ஏறினேன். சன்னிதானத்துல மண்ணைத் தோண்டிப் பிள்ளையை வச்சேன். என் அண்ணனுக்கு நோய் தீரணும், அவன் உன்னை ஏத்துக்கிடலைன்னாலும் நீ அவனை விட்டுராதேன்னு அழுது கேட்டேன். அவனுக்குன்னு ரெண்டு டின் அரவணை வாங்கிக்கிட்டேன்.

திரும்பி வந்து வாசல்ல தேங்காய் உடைச்சிட்டு உள்ளே எட்டிப் பாத்தா, விளக்கு இல்லை. பூஜை ரூம் கதவு சாத்தியிருக்கு. வீட்டுக்காரி சுவரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கா. வீட்டுல சாவுத் தீட்டு விழுந்தாத்தான் எங்க வீட்டுல அந்தக் கதவைச் சாத்துவோம். யாரும் வாயால சொல்ல வேண்டியதில்லை. நான் அப்படியே படியில உக்காந்துட்டேன்.

நாங்க வேன் ஏறின அன்னைக்கு ராத்திரியே போயிட்டான். நான் பம்பையிலேர்ந்து போன் போட்ட நேரம், உடம்பை ஒப்படைச்சிட்டு மதினி மருத்துவக் கல்லூரி வராண்டாவுல நின்னுருக்கா. "அவன் மலையை விட்டு இறங்கட்டும், அதுக்கு அப்புறம் சொல்லுங்க"ன்னு அண்ணன் கறாராச் சொல்லிட்டானாம். சொந்த அண்ணன் செத்தா மாலையைக் கழட்டணும். கழட்டினா என் பதினெட்டு அதோட போச்சு. தீட்டுன்னு ஒண்ணு உண்டுங்கிறதையே ஏத்துக்கிடாத மனுஷன், என் தீட்டுக்காகத் தன் சாவை மறைக்கச் சொல்லிட்டுப் போயிருக்கான். வீட்டுக்காரி ஒரே அழுகை. "அவர் சொன்ன சொல்லையும் காப்பாத்தணும், சாமிக்கும் தப்பு பண்ணப்பிடாது. நான் என்ன செய்ய? விளக்கை அணைச்சிட்டு வாயை மூடிட்டு இருந்தேன்."

ஊரே அவனை மெச்சுச்சு. எப்பேர்ப்பட்ட மனுஷன்னு பேசிக்கிட்டாங்க. எனக்கு மட்டும் ஆத்திரம் அடங்கலை. அண்ணன் சாகக் கிடக்கான்னு தெரிஞ்சா நான் மாலையைப் பிடிச்சுக்கிட்டு மலை ஏறுவேன்னு நினைச்சானா? கூடப் பிறந்தவனைவிட எனக்கு மாலை பெரிசுன்னு, இத்தனை வருஷத்துல என்னைப் பத்தி அவன் புரிஞ்சுக்கிட்டது இவ்வளவுதானா? மதினிட்ட நான் முகம் குடுத்துப் பேசறதையே விட்டுட்டேன். பாக்க முகமும் இல்லை, எரிக்க உடம்பும் இல்லை, கரைக்கச் சாம்பலும் இல்லை. பதினாறாம் நாளுன்னு ஒண்ணு வந்துச்சு, அதுபாட்டுக்குப் போச்சு. அரவணை டின் ரெண்டும் கடை அலமாரியில திறக்காம இருக்கு.

அதுக்குப் பிறகுதான் அந்த ஹாரன் சத்தம் ஆரம்பிச்சுது. என் நம்பிக்கைப்படி, எள்ளும் தண்ணியும் இல்லாமப் போனவன் போக்கிடம் இல்லாம அலைவான். அவன் நம்பிக்கைப்படி, அவன் இல்லவே இல்லை. ரெண்டுல எதை எடுத்தாலும் எனக்கு உறக்கம் இல்லை. தோப்புக்குப் போனா பம்புசெட்டுக்குப் பின்னால யாரோ தொண்டையைச் செருமுத மாதிரி இருக்கும். போய்ப் பாத்தா மரம் மட்டும் நிக்கும், அடியில பிள்ளை முளைக்க வச்ச மணல் குவிச்ச மாதிரியே கிடக்கும். ஒருதடவை வாய்விட்டே கேட்டேன், "என்ன அண்ணே, தண்ணி வேணுமா?" ஓலைதான் அசைஞ்சுது.

சத்தியத்தை மீறிரலாமான்னு இருந்துச்சு. ஒரு பிடி எள்ளு, கொஞ்சம் தண்ணி, யாருக்குத் தெரியப் போகுது? அவனுக்கே தெரியாதுன்னு அவனே சொல்லுவான்லா. இந்த ஆடி அமாவாசைக்கு அப்பா பேரோட இவன் பேரையும் சேத்துச் சொல்லிருவோம்னு முடிவு பண்ணிட்டேன்.

அன்னைக்குக் காலையில குத்தாலத்துல இறங்கினா, படித்துறைப் பக்கம் மதினி நிக்கா, கையில ஒரு கம்பு. "துணியைக் குடுங்க தம்பி. குரங்கு நிறைய நிக்கு"ன்னா. எனக்கு அதுவரைக்கும் அடக்கி வச்சிருந்ததெல்லாம் பொத்துக்கிட்டு வந்துருச்சு.

"மதினி, அன்னைக்கு போன்ல உறங்குதாவன்னு சொன்னியள்லா. ஒரு வார்த்தை உண்மையச் சொல்லியிருந்தா நான் அந்த இடத்துலேயே மாலையைக் கழட்டிப் போட்டுட்டு ஓடி வந்துருப்பேன். கடைசியா முகத்தைப் பாத்துருப்பேன். நான் வர மாட்டேன்னா அவன் நினைச்சான்?"

மதினி சட்டையை மடிச்சு மடியில வச்சுக்கிட்டு, அருவியைப் பாத்துக்கிட்டே சொன்னா. "அன்னைக்கு நான் கேட்டேன் தம்பி. மூச்சு வாங்குது, தம்பியைக் கூப்பிடவான்னு கேட்டேன். 'கூப்பிடாத. கூப்பிட்டா அவன் கழட்டிப் போட்டுட்டு ஓடி வந்துருவான். அவனை எனக்குத் தெரியும்'னாவ. அதுக்குப் பிறகும் வாசலைப் பாத்துக்கிட்டேதான் கிடந்தாவ."

தண்ணியில இறங்கி முங்கிட்டு வந்து ஐயர் முன்னால உக்காந்தேன். அப்பா பேர் சொன்னேன், தாத்தா பேர் சொன்னேன். எள்ளும் தண்ணியும் விரல் வழியா இறங்குச்சு. ஐயர் தலையை நிமிர்த்தி, "இந்த வருஷம் தவறினவா வேற யாரும் உண்டா?"ன்னு கேட்டார். உள்ளங்கையில இன்னும் எள்ளு ஒட்டியிருக்கு. அவன் பேரு நாக்கு நுனியில வந்து நிக்கு. நான் வந்து பாக்கணும்னு அவ்வளவு ஆசை இருந்தும் என் விரதம் கெடப்பிடாதுன்னு என்னைக் கூப்பிடாமலே கண்ணை மூடினவன் அவன்.

"இல்ல சாமி"ன்னேன்.

கையைக் கழுவிட்டு மேலே ஏறி வந்தேன். மதினி ஒரு குரங்கைக் கம்பால விரட்டிட்டுத் துண்டை நீட்டினா. தலையைத் துவட்டினேன். ரோட்டுல எங்கயோ ஒரு பஸ் ஹாரன் ரெண்டு தட்டு கேட்டுச்சு. மதினிக்கும் கேட்டுச்சான்னு நான் கேக்கலை. அவன் அலையுதானா, இல்லவே இல்லையான்னு எனக்குத் தெரியாது. அலைஞ்சான்னா என் கூடவே அலையட்டும், நான் பாத்துக்கிடுதேன்.